ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

2012 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துக்கு அருகே பன்னிரண்டு நிஸ்ஸான் லீஃப் மின்கார்கள் ஒன்றுகூடின. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒரே மாதிரியான குறை. கார் வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு பட்டைகளில் ஒன்றோ இரண்டோ டாஷ்போர்டிலிருந்து மறைந்துவிட்டன. சிலருக்கு அதைவிடவும் அதிகம். பாலைவன வெயில் பேட்டரியை அரித்துவிட்டது என்பது அவர்களின் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி எளிமையானது. எல்லாக் கார்களையும் முழுமையாகச் சார்ஜ் செய்தார்கள். ஒரே நெடுஞ்சாலையில், மணிக்கு 64 மைல், அதாவது 103 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தில், சார்ஜ் தீரும்வரை ஓட்டினார்கள். புதிய லீஃப் இந்த வேகத்தில் 84 மைல் போக வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். பன்னிரண்டில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. நன்றாக ஓடிய கார் 80 மைலுக்குச் சற்று முன்னால் நின்றது. மிகவும் தளர்ந்துபோன கார் 60 மைலைக்கூட எட்டவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் நிஸ்ஸான் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் பேட்டரி ஒன்பது பட்டைகளுக்குக் கீழே இறங்கினால், நிறுவனமே சரிசெய்து தரும் என்றது. அதுவரை பழுதுக்கு உத்தரவாதம் இருந்தது. கொள்ளளவு குறைவதற்கு இருந்ததில்லை. இந்த மாற்றத்துக்கு அந்த ஒரு நாள் ஓட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. புகார்கள் குவிந்திருந்தன, வழக்கு நடந்தது, நிறுவனமும் அரிசோனாவில் தன் சோதனைக் களத்துக்குச் சில கார்களை வரவழைத்துப் பார்த்தது. ஆனால் 'எங்களுக்கு அப்படித் தோன்றுகிறது' என்ற நிலையிலிருந்து 'இதோ கணக்கு' என்ற நிலைக்கு விவாதத்தை நகர்த்தியவர்கள் கார் வைத்திருந்தவர்கள்தான். இலங்கையில் 2015 வாக்கில் வரிச் சலுகையால் பழைய லீஃப் கார்கள் ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அங்கே கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் எண்ணிப் பார்த்தது அதே பட்டைகளைத்தான்.

மின்கார் வைத்திருப்பவர்கள் கூடி ஓட்டிப் பார்ப்பதை உலகமெங்கும் பேரணி, சவால், சோதனை ஓட்டம் என்று பல பெயர்களில் நடத்துகிறார்கள். சில வெறும் அணிவகுப்புகள்: 2014 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் கூபர்டினோவில் 507 மின்வாகனங்கள் வரிசையாகப் போய் உலக சாதனை படைத்தன. பார்க்க அழகு, அறிய ஒன்றுமில்லை. வேறு சில ஓட்டங்கள் ஒரு யூனிட் மின்சாரத்தில் எந்தக் கார் எவ்வளவு தூரம் போகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவை. இந்தக் கேள்விக்கு ஆய்வகம் ஒரு விடை தருகிறது, நிறுவனத்தின் விளம்பரம் இன்னொரு விடை தருகிறது, சாலை மூன்றாவது விடை தருகிறது. மூன்றில் எதை நம்பலாம், எந்த நிபந்தனையோடு நம்பலாம் என்பதுதான் ஆராய வேண்டியது.

மின்காரின் தூரத்தை ஊரறிய ஓட்டிக் காட்டும் வழக்கம் மின்காரின் வயதுடையது. 1899 ஏப்ரல் 29 அன்று பாரிஸ் அருகே ஆஷேர் என்ற இடத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்ஸி மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். சாலையில் 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார் மின்சாரத்தில்தான் ஓடியது. வேகத்தைப் பற்றிய பேச்சு அடங்குவதற்குள் தூரம் பேச்சாயிற்று. 1901இல் பிரெஞ்சுக்காரர் லூயி கிரீகர், தான் செய்த மின்வண்டியைப் பாரிஸிலிருந்து ஷாட்டல்ரோவரை 307 கிலோமீட்டர் இடையில் சார்ஜ் ஏற்றாமலே ஓட்டிக் காட்டினார். பிறகு பெட்ரோல் வென்றது. இந்தப் பந்தயமும் மறக்கப்பட்டது.

மீண்டும் தொடங்கி வைத்தவர்கள் மாணவர்கள். 1968 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கால்டெக் நிறுவனத்திலிருந்து ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்று கிழக்கு நோக்கியும், கிழக்குக் கரையிலுள்ள எம்.ஐ.டி.யிலிருந்து செவர்லே கார்வேர் ஒன்று மேற்கு நோக்கியும் கிளம்பின. இரண்டும் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டவை. ஒன்றின் வளாகம் மற்றொன்றின் எல்லைக்கோடு. நடுவே 3,300 மைலுக்கு மேல் பாதை, 54 இடங்களில் சார்ஜ் செய்ய ஏற்பாடு. எம்.ஐ.டி. காரில் விலையுயர்ந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி, கால்டெக் வேனில் ஈய-அமில வகை. எம்.ஐ.டி. கார் முதலில் வந்து சேர்ந்தாலும் வழியில் இழுத்து வரப்பட்டதற்கான தண்டம் கூடியதால் தோற்றது. சுமார் 210 மணி நேரம் எடுத்துக்கொண்ட கால்டெக் அரை மணி நேர வித்தியாசத்தில் வென்றது. அந்த வேனை உருவாக்கிய மாணவர் வாலி ரிப்பல். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் இ.வி.1 காருக்கான மின்னியக்கப் பணியிலும் டெஸ்லா நிறுவனத்திலும் பங்கேற்றவர் அவர்.

இந்தத் தொடர்ச்சி தற்செயலானதல்ல. 1987இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டுவரை சுமார் 3,000 கிலோமீட்டர் நீண்ட முதல் உலக சூரிய ஒளிக்கார் பந்தயத்தை ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் மணிக்கு 66.9 கிலோமீட்டர் சராசரியில் வென்றது. கூரையில் விழும் வெயில்தான் எரிபொருள் என்றால் ஒவ்வொரு வாட்டையும் எண்ணியே செலவழிக்க வேண்டும். அந்தச் சிக்கனத்தில் பழகிய குழுதான் 1990இல் இம்பாக்ட் என்ற மாதிரிக் காரைக் காட்டியது. அது 1996இல் இ.வி.1 ஆகச் சாலைக்கு வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் 1989 முதல் ஆண்டுதோறும் நடந்த 'டூர் டி சோல்' ஓட்டமும் இதே வேலையைச் செய்தது. 1996 ஓட்டத்தில் சொலெக்ட்ரியா என்ற சிறு நிறுவனத்தின் சன்ரைஸ் கார் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு பேட்டரியோடு ஒரே சார்ஜில் 373 மைல், அதாவது 600 கிலோமீட்டர் போனது. இ.வி.1 சந்தைக்கு வந்த அதே ஆண்டில், அதைவிடப் பல மடங்கு தூரம் சாத்தியம் என்று ஒரு பொது ஓட்டம் எழுதி வைத்துவிட்டது.

ஜப்பானில் இதைக் கையில் எடுத்தது ஓர் ஆர்வலர் சங்கம். 1994இல் வாகன விமர்சகர் ததெயுச்சி ததாஷி தொடங்கிய ஜப்பான் இ.வி. கிளப், டைஹட்சு மீரா என்ற சிறு காரை மின்சாரத்துக்கு மாற்றி 2009இல் டோக்கியோவிலிருந்து ஒசாகாவரை 555.6 கிலோமீட்டர் ஓட்டியது. அடுத்த ஆண்டு மே மாதம் இபராகி மாகாணத்து ஷிமோத்சுமாவில் உள்ள ஒரு தடத்தில் பல ஓட்டுநர்கள் மாறி மாறி அமர்ந்து, மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 27 மணி நேரம் ஓட்டி 1,003 கிலோமீட்டரை எட்டினார்கள். பேட்டரி சுமார் 74 யூனிட். யூனிட்டுக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அன்றைக்கு எந்தப் பெரிய நிறுவனமும் கனவுகூடக் கண்டிராத தூரம் அது.

அந்த 40 கிலோமீட்டர் வேகத்தைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பின் வந்த தூர சாதனைகள் பலவற்றிலும் அதே வேகமோ அதற்கும் குறைவோதான். 2017 ஆகஸ்டில் இத்தாலிய டெஸ்லா உரிமையாளர் சங்கம் மாடல் எஸ் காரைச் சலேர்னோ பக்கத்துச் சாலையில் 1,078 கிலோமீட்டர் ஓட்டியது. சராசரி வேகம் மணிக்கு 40. 2020 ஜூலையில் ஜெர்மனியின் லாவுசிட்ஸ்ரிங் தடத்தில் ஹூண்டாய் நிறுவனம் 64 யூனிட் பேட்டரி கொண்ட மூன்று கோனா கார்களை ஓட்டியது. மூன்றும் ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்தன, அதிகபட்சம் 1,026. ஐரோப்பியச் சான்றிதழ் அந்தக் காருக்குக் கொடுத்த தூரம் 484. சான்றளிக்கப்பட்டதைப்போல் இரு மடங்கு! வேகம் மணிக்குச் சுமார் 30; ஏசி போடவில்லை.

ஏன் 30, ஏன் 40? இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது. கார் ஓடும்போது மூன்று விஷயங்கள் பேட்டரியைத் தின்கின்றன. முதலாவது காற்று. வேகம் இரட்டித்தால் ஒரு கிலோமீட்டருக்கான காற்றுத்தடைச் செலவு நான்கு மடங்காகும். இரண்டாவது டயர் உருளும்போது ஏற்படும் தடை. இது காரின் எடையைப் பொறுத்தது. வேகத்தால் பெரிதாக மாறாது. மூன்றாவது ஏசி, ஹீட்டர், விளக்கு, கணினி. இவை கார் நின்றாலும் ஓடினாலும் மணிக் கணக்கில் தின்பவை. மெதுவாகப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிக நேரம் ஆகும், ஆகவே இந்தச் செலவு கூடும்.

ஒரு நடுத்தரக் காரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடை 1,600 கிலோ, ஏசிக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து 1 கிலோவாட். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்று சுமார் 84 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) எடுக்கும், டயர் 44, ஏசி 10. மொத்தம் 138. வேகத்தை 80 ஆக்கினால் காற்றின் பங்கு 54 ஆக விழுந்து, மொத்தம் 110 ஆகிறது. இருபது கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்ததற்கு ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 40இல் மொத்தம் 82. அதற்கும் கீழே இறங்கினால் லாபம் தலைகீழாகிறது: 20 கிலோமீட்டரில் ஏசி மட்டுமே 50 கேட்பதால் மொத்தம் 97 ஆக ஏறிவிடுகிறது. ஏசியை நிறுத்திவிட்டால் இன்னும் மெதுவாகப் போவதில் ஆதாயம் உண்டு. சாதனை ஓட்டுநர்கள் வியர்த்துக்கொண்டு 30இல் ஊர்வதன் ரகசியம் இதுதான். தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போகிற குடும்பம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை.

ஆகவே தூர சாதனையை மட்டும் வைத்துக் கார்களை ஒப்பிடுவது தவறான வழி. தூரத்தோடு வேகமும் பேட்டரியின் அளவும் சேர்ந்தால்தான் அது செய்தி. அப்படிப் பார்க்கும்போது சில ஓட்டங்கள் உயர்ந்து நிற்கின்றன. மெர்சிடிஸ் நிறுவனத்தின் விஷன் இ.க்யூ.எக்ஸ்.எக்ஸ். என்ற மாதிரிக் கார் 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் சின்டல்ஃபிங்கனிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிரான்ஸின் கடற்கரை ஊரான காசீவரை 1,008 கிலோமீட்டர் பொதுச் சாலையில் போனது. சார்ஜிங் போர்ட்டை வெளியார் முத்திரையிட்டிருந்தார்கள். சராசரி மணிக்கு 87 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8.7 யூனிட், போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் இன்னும் 15 விழுக்காடு மீதி. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக மாணவர்களின் சன்ஸ்விஃப்ட் 7 கார் 38 யூனிட் பேட்டரியில் 1,000 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள், ஏறக்குறைய 85 கிலோமீட்டர் சராசரியில் முடித்தது. யூனிட்டுக்கு 26 கிலோமீட்டர். கோனாவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் அதைவிடச் சிக்கனம். இந்தக் காரில் ஏசி இல்லை, காற்றுப்பை இல்லை. சாலை அனுமதிக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. ஆனாலும் வடிவமும் எடையும் எவ்வளவு பெரிய கருவிகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொரு எல்லையில், மியூனிக் மாணவர்களின் மூ022 வாகனம் 2023இல் ஒரு விமானக் கூடத்துக்குள் சுற்றிச் சுற்றி 15.5 யூனிட்டில் 2,573 கிலோமீட்டர் போனது. பொறியாளருக்கு அது பாடம். கார் வாங்குபவருக்கு அதில் எதுவுமில்லை.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட்டும் சாதனைகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. 2025 ஜூலையில் லூசிட் ஏர் கார் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து மியூனிக்வரை 1,205 கிலோமீட்டர் ஓடி கின்னஸில் இடம்பெற்றது. தொடங்கிய ஊர் முடிந்த ஊரைவிடச் சுமார் 1,300 மீட்டர் உயரம். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் காருக்கு இறக்கம் மட்டுமே கொடுத்த ஆற்றல் ஏறக்குறைய 8 யூனிட். சாதனை பொய்யல்ல, கார் மிகச் சிக்கனமானதுதான். ஆனால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் ஓட்டத்தோடு அதை அருகருகே வைக்கக் கூடாது.

இந்தக் கோளாறுகளையெல்லாம் விதியாலேயே கட்டுப்படுத்த முனைந்த இடங்கள் உண்டு. பிரிட்டனில் 2010 முதல் சில ஆண்டுகள் நவம்பரில் பிரைட்டனிலிருந்து லண்டன்வரை ஓர் எதிர்காலக் கார் சவால் நடந்தது. எல்லோரும் ஒரே நாளில், ஒரே பாதையில், சாதாரணப் போக்குவரத்தோடு கலந்து ஓட்டினார்கள்; யார் குறைந்த ஆற்றலைச் செலவழித்தார் என்பதே போட்டி. 2011இல் கார் வடிவமைப்பாளர் கார்டன் மரேயின் டி.27 என்ற மூன்று இருக்கைக் கார் வென்றது. 57 மைலுக்கு ஏழு யூனிட். யூனிட்டுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், அதுவும் நகர நெரிசலோடு.

சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. நடத்தும் ஈகோராலி கோப்பை இன்னும் நுட்பமானது. ஐரோப்பாவின் பல நாடுகளில் சுற்றுகள். இது வேகப் போட்டி அன்று. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் விதிக்கப்படுகிறது. அதைவிட முந்தினாலும் பிந்தினாலும் தண்டம். எங்கே அளக்கிறார்கள் என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. இதோடு மின்செலவும் கணக்கில் சேர்கிறது. மெதுவாக ஊர்ந்து மிச்சம் பிடிக்கும் பழைய தந்திரத்துக்கு இந்த விதி வழியே விடுவதில்லை. நேரத்தைக் காப்பாற்றியாக வேண்டும், மின்சாரத்தையும் காப்பாற்றியாக வேண்டும். வளைவுக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பவரும், இறக்கத்தில் மோட்டாரையே பிரேக்காக்கி ஆற்றலைத் திரும்பப் பிடிப்பவரும், திருப்பத்தைத் தவறவிடாத வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்திருப்பவரும்தான் ஜெயிக்கிறார்கள்.

ஆனாலும் இதில் ஒரு பலவீனம் உண்டு. வெவ்வேறு கார்களைச் சமப்படுத்த, ஒவ்வொரு காரின் செலவையும் அதன் சான்றிதழ்ச் செலவோடு ஒப்பிட்டு எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று பார்க்கிறார்கள். ஓட்டுநரின் திறமையை அளக்க இது நியாயமான வழி. காரின் திறமையை அளக்க உதவாது. மலைப்பாதையில் மிதமான வேகத்தில் ஓடும்போது பெரிய, அகன்ற காருக்கு நெடுஞ்சாலையின் காற்றுச் சுமை இல்லை. சான்றிதழ் எண்ணை எளிதாக முறியடித்துவிடும். ஏற்கெனவே ஒழுங்காகச் செதுக்கப்பட்ட காருக்கு மிச்சம் பிடிக்க அவ்வளவு இடமில்லை. சிக்கனமான கார் எது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் வழிதவறுவார்.

அந்தக் கேள்விக்கு இன்று கிடைக்கும் மிக நேர்மையான விடை நார்வேயிலிருந்து வருகிறது. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் 88.9 விழுக்காடு முழு மின்கார்கள். அந்த நாட்டு வாகன உரிமையாளர் கூட்டமைப்பும் மோட்டார் என்ற இதழும் சேர்ந்து 2020 முதல் கோடையில் ஒன்றும் குளிர்காலத்தில் ஒன்றுமாகச் சோதனை ஓட்டம் நடத்துகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் ஒஸ்லோவிலிருந்து ஒரே காலையில் கிளம்பும். பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை, அப்புறம் மலையேற்றம், பனி. சட்டம் அனுமதிக்கும் வேகம், உள்ளே இதமான வெப்பம். ஒவ்வொரு காரும் நகர முடியாமல் நிற்கும்வரை ஓடும். நின்ற இடத்தில் இழுவை வண்டி காத்திருக்கும். 2020இன் முதல் குளிர்காலச் சோதனையில் 20 கார்கள் சான்றிதழ்த் தூரத்தில் சராசரியாக 18.5 விழுக்காட்டை இழந்தன. அதே கார்களில் சில கோடையில் சான்றிதழையும் தாண்டி ஓடின.

இந்தச் சோதனையின் மதிப்பு சராசரியில் இல்லை, வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரே நாள், ஒரே காற்று, ஒரே பனி என்பதால் ஒரு கார் பத்து விழுக்காடு இழக்க இன்னொன்று முப்பது இழந்தால், குற்றத்தைக் குளிர்மேல் போட முடியாது. வெப்பப் பம்பு இருக்கிறதா, பேட்டரியை முன்கூட்டியே சூடாக்குகிறதா, மென்பொருள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த கேள்விக்குப் போயாக வேண்டும். நிறுவனங்களும் போகின்றன. நார்வே இதழில் கடைசி இடம் பிடிக்க எந்த நிறுவனமும் விரும்புவதில்லை. 2023 ஜனவரியில் தென்கொரிய நியாய வணிக ஆணையம் குளிரில் தூரம் குறையும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்று டெஸ்லாவுக்கு 285 கோடி வோன் அபராதம் விதித்தது. அரசு தண்டனையால் செய்ய முயல்வதை, ஒரு பொது ஓட்டம் அச்சிட்ட பட்டியலால் செய்துவிடுகிறது.

ஆய்வகச் சான்றிதழ் என்னதான் சொல்கிறது? ஐரோப்பாவின் இன்றைய முறை 30 நிமிடம், 23 கிலோமீட்டர், சராசரி 46.5 கிலோமீட்டர் வேகம், உச்சம் 131. வெப்பம் 23 டிகிரி, ஏசி ஓடாது. அமெரிக்க அரசு ஆய்வகத்தில் வந்த தூரத்தை வழக்கமாக 0.7 ஆல் பெருக்கிக் குறைத்தே அறிவிக்கிறது. அதனால் அது உண்மைக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. இந்தியச் சோதனைச் சுழற்சியின் உச்ச வேகம் மணிக்கு 90தான். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் கூட்டிச் சேர்க்கப்பட்டு 2019இல் இந்தியச் சாலைக்கு வந்த கோனா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 39.2 யூனிட் பேட்டரி. இந்தியச் சான்றிதழ் 452 கிலோமீட்டர். ஐரோப்பாவில் அதே பேட்டரிக்குச் சுமார் 300. கார் ஒன்று, எண்கள் இரண்டு. இரண்டும் அரசு முத்திரையோடு வந்தவை.

இந்த இடைவெளி வம்பில் முடிந்ததும் உண்டு. 2021 மார்ச்சில் டெல்லி அரசு, டாடா நெக்ஸான் இ.வி. காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. அறிவிக்கப்பட்ட 312 கிலோமீட்டர் கிடைக்கவில்லை என்று வந்த புகாரே காரணம். நிறுவனம் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. சான்றிதழ் சட்டப்படி சரியாக இருந்தது. வாடிக்கையாளரின் ஏமாற்றமும் உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகு 2024இல் வந்த கர்வ் இ.வி.யின் பெரிய பேட்டரி வகைக்கு டாடா மூன்று எண்களைச் சொல்லியது. பழைய முறையில் 585, நெடுஞ்சாலைப் பகுதியும் சேர்ந்த புதிய முறையில் 502, வாடிக்கையாளர்களில் நான்கில் மூன்று பேருக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது 400 முதல் 425. மூன்றாவது எண் சாலையில் ஓடும் கார்களிலிருந்து பிறந்தது. உரிமையாளர்களின் அனுபவத்தை ஒரு நிறுவனமே அச்சிட முன்வந்தது பெரிய மாற்றம். ஆனால் அந்தக் கணக்கை வெளியாள் சரிபார்க்க வழியில்லை என்ற குறை நிற்கிறது.

உரிமையாளர்களின் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. டாஷ்போர்டு காட்டும் மின்செலவு பேட்டரியிலிருந்து வெளியே போனது மட்டுமே. சுவரிலிருந்து சார்ஜர் வழியாகப் பேட்டரிக்கு வருவதற்குள் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வெப்பமாகப் போய்விடும். மெதுவான சாதாரண பிளக்கில் இந்த இழப்பு இன்னும் கூடும். மின்வாரிய பில் கட்டுபவருக்கு அந்த இழப்பும் செலவுதான். இரண்டு பேர் தங்கள் 'மைலேஜை' ஒப்பிடும்போது ஒருவர் டாஷ்போர்டு எண்ணையும் மற்றவர் மீட்டர் எண்ணையும் சொன்னால், வாக்குவாதம் முடியவே முடியாது. டயரில் காற்று குறைந்தால் ஒரு வித்தியாசம், கூரையில் பெட்டி கட்டினால் ஒரு வித்தியாசம், எதிர்க்காற்று வீசினால் அதைவிடப் பெரிய வித்தியாசம். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் செலவு நன்றாகக் குறையும். அது உயிருக்கு ஆபத்து, எந்த ஒழுங்கான போட்டியும் அதை அனுமதிக்கக் கூடாது.

நம் பக்கம் பார்த்தால், இந்தத் துறையில் தமிழ்நாடு புதிதல்ல. 1939இல் அமெரிக்காவில் ஷெல் நிறுவன ஊழியர்களுக்குள் நடந்த ஒரு பந்தயத்தில் முளைத்த ஈகோ மாரத்தான், இந்தியாவில் முதன்முறையாக 2018 டிசம்பரில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில்தான் நடந்தது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய பெட்ரோல் வண்டிகளையும் மின்வண்டிகளையும் கொண்டுவந்து எது சிக்கனம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். நெக்ஸான் இ.வி. 2023 பிப்ரவரியில் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு 4,003 கிலோமீட்டரை 95 மணி 46 நிமிடத்தில் கடந்தது. சார்ஜர்கள் வழியெங்கும் வந்துவிட்டன என்பதைக் காட்டிய ஓட்டம் அது. கார்களை ஒப்பிட்ட ஓட்டமல்ல.

நமக்கு இல்லாதது நார்வேக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரியான ஓர் ஒப்பீடு. நம் கடுங்காலம் மே மாதம். 40 டிகிரி வெயிலில் நிறுத்திவைத்த கார், முழு ஏசி, நான்கு பேர், நெடுஞ்சாலை வேகம்: இந்த நிலையில் எந்தக் கார் எவ்வளவு போகும் என்று எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. ஃபீனிக்ஸில் பன்னிரண்டு பேர் சேர்ந்தது போதுமானதாக இருந்தது. சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ பன்னிரண்டு மின்கார் உரிமையாளர்கள் சேர்வது இன்று சிரமமே இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் 200 கிலோமீட்டர் சுற்றுப் பாதை, ஒரே காலை நேரம், 80 கிலோமீட்டர் வேகம், ஏசி 24 டிகிரி, டயரில் நிறுவனம் சொன்ன அழுத்தம், முத்திரையிட்ட சார்ஜிங் போர்ட். திரும்பி வந்ததும் ஒரே மீட்டர் வழியாக முழுச் சார்ஜ் ஏற்றி யூனிட்டை எழுத வேண்டும். மறுநாள் அதே பாதையை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி இன்னொரு முறை எழுத வேண்டும். காரின் வயதையும் ஓடிய மொத்த கிலோமீட்டரையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும்; நான்கு கோடை பார்த்த பேட்டரி எப்படி இருக்கிறது என்பது அதிலிருந்துதான் தெரியவரும்.

பொறியியல் கல்லூரிகள் இதற்கு மேற்பார்வை செய்யலாம், இதழ்கள் முடிவுகளை அச்சிடலாம். ஏற்கெனவே மின்கார் வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த மாதமே வீட்டு சார்ஜருக்குத் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். ஒவ்வொரு முறை சார்ஜ் செய்யும்போதும் யூனிட், ஓடிய கிலோமீட்டர், அன்றைய வெயில் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதே கார் வைத்திருக்கும் இன்னும் நாலு பேரிடமும் குறிக்கச் சொல்லுங்கள்.